விமானக் குண்டுவீச்சும் ஊர் ஜனங்களும்: சேலத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

சேலத்தில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். 2025 மே 7 அன்று நாடு முழுக்க சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் மட்டும்தான் நடத்தினார்கள். சேலத்தில் சங்கு ஊதவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க பழைய மாணவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், காலை நடையில் கூட வருகிறவர்கள் என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். வாயால் சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். வந்த வரிசையிலேயே இருக்கிறது.

சேலத்தில் எப்போதாவது விமானக் குண்டு விழுந்திருக்கிறதா?

இல்லை.

தமிழ்நாட்டில்?

சென்னைக்கு இரண்டு அனுபவம் உண்டு. முதலாவது ஆகாயத்திலிருந்து வந்ததல்ல, கடலிலிருந்து வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. செத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனால் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். இன்றைக்கும் கெட்டிக்காரத்தனமாக எதையாவது செய்துவிட்டு மாட்டாமல் போகிறவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம்.

இரண்டாவது, இரண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று முடிவுகட்டி நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் பலவற்றை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். அப்படிப் பயந்த பெருந்தாக்குதல் கடைசிவரை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை.

அந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வந்த ஒரு வார்த்தை இன்னும் நம்மிடம் இருக்கிறது: இருட்டடிப்பு. விமானி கண்ணுக்கு ஊர் தெரியக்கூடாது என்று விளக்குகளை அணைப்பதும், ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டுவதும்தான் அது. இப்போது ‘செய்தியை இருட்டடிப்பு செய்துவிட்டார்கள்’ என்று சொல்ல மட்டும் பயன்படுகிறது.

அப்படியென்றால் தமிழர்களுக்கும் இந்தக் கதைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அப்படித்தானே?

அப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது பர்மாவின் ரங்கூன்.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், கடைக்காரர்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள் என்று தெலுங்கர்களும் தமிழர்களுமாக நிறைந்திருந்த ஊர். 1941 டிசம்பர் 23 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. அவற்றை எதிர்த்து பிரிட்டிஷ் தரப்பு விமானங்களும் மேலே போயின. அதற்குமுன் ரங்கூன் குண்டுவீச்சைக் கண்டதில்லை. ஜனங்கள் பதுங்கவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். விழுந்ததோ சில்லுகளாகச் சிதறும் குண்டு. அன்று ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். சுவருக்குப் பின்னால் படுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ பேர் அதில் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று மறுபடி வந்தார்கள்.

என் தாத்தாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, அப்போது அங்கே அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பிழைத்து, புரோம் வரை வந்து, அங்கிருந்து மலை தாண்டி தௌங்குப், பிறகு அக்யாப், சிட்டகாங் என்று நடந்தும் படகேறியும் கல்கத்தா வந்து சேர்ந்தார். அந்த வருஷம் நாலைந்து லட்சம் இந்தியர்கள் இப்படிப் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள். அவர்களையெல்லாம் குண்டுவீச்சில் செத்தவர்கள் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சின்னத் தாத்தா அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் வானத்தில் விமானச் சத்தம் கேட்டு நாங்கள் பிள்ளைகள் வாசலுக்கு ஓடினால், பின்னாலேயே வந்து சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். அப்போதெல்லாம் சேலத்துக்கு மேலே விமானம் போவதே அபூர்வம். எங்களுக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரும்.

முதன்முதலில் விமானத்திலிருந்து குண்டு போட்டது யார்?

இத்தாலிக்காரர்கள். 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில், ஜூலியோ கவோட்டி என்ற விமானி கையால் எடுத்துக் கீழே போட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மன் குண்டுகள் லண்டன்மேல் விழத் தொடங்கிவிட்டன. 1917 ஜூன் 13 அன்று பகல் வெளிச்சத்தில் நடந்த தாக்குதலில் 162 பேர் செத்தார்கள். அதில் 18 பேர் போப்ளர் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தைகள்.

ராணுவத்தைக் குறிவைக்கும்போது தவறிப்போய்த்தானே ஜனங்கள்மேல் விழுகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். தவறி விழுவதும் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப்போரில் செத்த லட்சக்கணக்கான நகரவாசிகளில் பெரும்பாலோர் குறி தவறியதால் சாகவில்லை. அவர்கள் இருந்த தெருதான் குறி.

எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று பார்ப்போம். 1937 ஏப்ரல் 26, சந்தை நாளான திங்கட்கிழமை, ஸ்பெயினில் குவெர்னிகா என்ற சின்ன ஊரை ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் சேர்ந்து எரித்தன. அடுத்த வருஷத்திலிருந்து ஜப்பான் சீனாவின் சோங்சிங்கை ஆண்டுக்கணக்கில் அடித்தது. 1939-இல் ஜெர்மனி வார்சாவை அடித்தது. 1940 மே 14 அன்று ராட்டர்டாம்: 800-க்கும் மேல் சாவு, சுமார் 80,000 பேருக்கு வீடில்லை. அதே வருஷம் செப்டம்பரில் லண்டன். அடுத்த மே மாதம்வரை பிரிட்டிஷ் நகரங்களில் 40,000-க்கும் மேல் ஜனங்கள் செத்தார்கள். ஆரம்பித்தது யார் என்று கேட்டால் பதில் தெளிவாகவே இருக்கிறது.

பிரிட்டன் பதிலுக்குக் கிளம்பியபோது முதலில் தொழிற்சாலை, ரயில் நிலையம் என்றுதான் குறிவைத்தது. பகலில் போனால் சுட்டு வீழ்த்திவிடுகிறார்கள் என்று இரவில் போனார்கள். இரவில் ஒன்றும் தெரியவில்லை. 1941 ஆகஸ்டில் பட் என்ற அதிகாரி விமானங்கள் எடுத்த புகைப்படங்களை உட்கார்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார். ‘இலக்கை அடித்துவிட்டோம்’ என்று வந்து சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைலுக்குள் போயிருந்தது. 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். நம் ஊரில் வைத்துப் பாருங்கள். சூரமங்கலத்தில் இருக்கிற ஜங்ஷனைக் குறிவைத்துவிட்டு அம்மாப்பேட்டைக்கு மேலே போய்ப் போட்டிருந்தாலும் அது அந்த மூன்றில் ஒன்றில் சேர்ந்துவிடும். மீதி இரண்டு பங்கு அதற்கும் வெளியே.

இதைப் படித்தவர்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. நிறுத்தலாம். அல்லது, அடிக்க முடிகிற அளவுக்குக் குறியைப் பெரிதாக்கலாம். பெரிதாக்கினார்கள். 1942 பிப்ரவரி 14 தேதியிட்ட உத்தரவு, எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியை முதன்மை இலக்காக வைத்தது. சில நாளில் ஆர்தர் ஹாரிஸ் குண்டுவீச்சுப் படைக்குத் தலைவராக வந்து அதைத் தயவுதாட்சண்யமில்லாமல் நடத்தினார். வரைபடத்தில் நகரத்தின் நடுவே, வீடுகள் நெருக்கமாக இருக்கிற பழைய பகுதியில் புள்ளி வைத்தார்கள். பழைய பகுதி நன்றாக எரியும் என்பதும் கணக்கில் இருந்தது.

மேலே போனவர்களும் சாகாமல் இல்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் திரும்பவில்லை. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள். அவர்களை நினைத்தும் எனக்கு வருத்தம் உண்டு. புள்ளி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

தீப்புயல் என்றால் என்ன? குண்டுக்கும் தீப்புயலுக்கும் என்ன வித்தியாசம்?

1943 ஜூலை கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்ததைச் சொன்னால் புரியும். நல்ல வெயில் காலம், மழையில்லை, எல்லாம் காய்ந்து கிடந்தது. முதலில் பெரிய வெடிகுண்டுகள். அவற்றின் வேலை ஆளைக் கொல்வதைவிடக் கூரையைப் பிய்ப்பதும் ஜன்னல்களை உடைப்பதும்தான். வீடு திறந்துகொண்டதும் பின்னாலேயே ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன எரிகுண்டுகள். தீயணைப்பு வண்டி வரமுடியாதபடி தெருவெல்லாம் இடிபாடு. தனித்தனியாகப் பற்றிய தீ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

செங்கல் சூளை பார்த்திருக்கிறீர்களா? உள்ளே அனல் ஏற ஏறக் கீழே இருக்கிற வாயால் காற்றை உறிஞ்சும். ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு அப்படி ஒரு சூளை உருவானது. சூடான காற்று மேலே போக, சுற்றிலுமிருந்து காற்று சூறாவளி வேகத்தில் உள்ளே பாய்ந்தது. மரங்கள் வேரோடு வந்தன. தெருவில் ஓடியவர்களைத் தீப்பக்கமாக இழுத்தது. நிலவறைகளில் பதுங்கியவர்கள் உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல், கார்பன் மோனாக்சைடு புகையில், உட்கார்ந்த இடத்திலேயே செத்திருந்தார்கள். அந்த ஒரு வாரத் தாக்குதல்களில் 35,000-க்கும் மேல் போனார்கள்.

அந்த எரிகுண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஓமலூர் போகும்போது வெளேரென்று தெரிகிறதே, மேக்னசைட் சுரங்கம், அந்த வெள்ளைக்கல்லில் இருக்கிற உலோகம்தான் மெக்னீசியம். நம் கல் பெரும்பாலும் உருக்காலை உலைக்குச் செங்கல் செய்யப் போனது. மெக்னீசியம் உலோகமாகப் பிரித்தால் வெள்ளை வெளிச்சத்தோடு எரியும். பள்ளி ஆய்வகத்தில் அந்தப் பட்டையை இடுக்கியில் பிடித்து எரித்துக் காட்டியிருப்பார்கள். பிரிட்டிஷ், ஜெர்மன் எரிகுண்டுகளின் உறையே மெக்னீசியக் கலவைதான். தண்ணீரை வாரி ஊற்றினால் இன்னும் மோசமாகச் சீறும். அதனால்தான் அன்றைய காவல் ஊழியர்கள் வீட்டுக்கு வீடு மணல் வாளி வைக்கச் சொன்னார்கள்.

ஒரே இரவில் அதிகம் பேர் செத்தது ஹிரோஷிமாவிலா?

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது காலையில். இரவு என்று பார்த்தால் டோக்கியோ. 1945 மார்ச் 9 இரவு தொடங்கி விடிவதற்குள் 279 அமெரிக்க பி-29 விமானங்கள் பெட்ரோலை ஜெல்லியாக்கி அடைத்த குண்டுகளை மரத்தாலும் காகிதத்தாலும் கட்டின வீடுகள்மேல் கொட்டின. சுமார் 1 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சம் பேருக்கு வீடில்லை. 1923 நிலநடுக்கத்தில் தப்பிய கோயில் என்று நம்பி அசகுசா கோயிலுக்கு ஓடினவர்கள் உண்டு. கோயிலும் எரிந்தது. சுமிடா ஆற்றில் குதித்தவர்களிலும் நிறைய பேர் பிழைக்கவில்லை.

எரிந்த பரப்பு 41 சதுர கிலோமீட்டர். இந்த எண்ணை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஏற்காடு சுற்றுலாவில் லேடீஸ் சீட்டில் வைத்துத்தான் சொல்வேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் அங்கே நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அஸ்தம்பட்டி, ஜங்ஷன் பக்கம், தூரத்தில் கொண்டலாம்பட்டி. மாநகராட்சி மொத்தப் பரப்பு 91 சதுர கிலோமீட்டர் சொச்சம். ‘இதில் கையால் பாதியை மறைச்சுக்கோங்க. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தபோது இருந்தது, காலையில் பல் தேய்க்கும்போது இல்லை’ என்பேன். ஒரு வருஷம் ஒரு பெண் கையை எடுக்காமலேயே, ‘சார், எங்க வீடு மறைஞ்ச பக்கம் இருக்கு’ என்றாள். அப்புறம் பேருந்தில் ஏறும்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, ஹிரோஷிமா?

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. அந்த வருஷக் கடைசிக்குள் செத்தவர்கள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000, நாகசாகியில் சுமார் 74,000. இரண்டாவது குண்டு முதலில் போகவேண்டியது கோகுரா என்ற ஊருக்கு. அங்கே வானம் மூடியிருந்ததால் மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு நாகசாகிக்குப் போனார்கள். கோகுராக்காரர்களுக்கு அன்று மேகம்தான் குலதெய்வம்.

சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று இதில் உண்டு. இந்த ஊரில் வக்கீலாக இருந்து, 1917-இல் நகராட்சித் தலைவராகவும் ஆன ராஜாஜி, 1962 செப்டம்பரில் தன் 83-ஆவது வயதில் அமெரிக்கா போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டு சோதனையை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். வாழ்நாளில் அவர் போன ஒரே மேல்நாட்டுப் பயணம் இதற்காகத்தான். அவருடைய அரசியலில் எனக்கு ஒத்துவராதது நிறைய உண்டு. இந்த விஷயத்தில் ஒரு கும்பிடு.

குண்டு போட்டால் ஜனங்கள் மனசு உடைந்து போர் சீக்கிரம் முடிந்துவிடாதா?

போட்ட எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். போர் முடிந்ததும் அமெரிக்க அரசே நிபுணர்களை ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அனுப்பி ஆராய்ந்தது. ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 நடுப்பகுதிவரை ஏறிக்கொண்டேதான் இருந்தது. மனசு சோர்ந்தது உண்மை. ஆனால் சோர்ந்தவர்கள் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பவில்லை, மறுநாள் வேலைக்குப் போனார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. வீடு போனவனுக்கு அடுத்த வேளைச் சோறும் படுக்க இடமும்தான் கவலை. அதைக் கொடுக்கிற நிலையில் இருந்தது அதே அரசாங்கம்தான்.

நேர்மையாகச் சொன்னால், எண்ணெய் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் அடித்தது ஜெர்மனியை நிஜமாகவே முடக்கியது. ஜப்பான் சரணடைந்ததில் அணுகுண்டுக்கு எவ்வளவு பங்கு, அதே வாரம் சோவியத் போரில் இறங்கியதற்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் குடியிருப்பை எரித்து மனசை உடைக்கலாம் என்ற கணக்கு, அது லண்டனிலும் பலிக்கவில்லை, ஹாம்பர்க்கிலும் பலிக்கவில்லை, 1972 டிசம்பரில் அமெரிக்கா குண்டு போட்ட வியட்நாமின் ஹனோயிலும் பலிக்கவில்லை.

செத்தவர்கள் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் ஏன் மாறுகிறது?

எரிந்துபோன உடம்பை எண்ண முடியாது என்பது ஒன்று. நகரத்தில் அன்று எத்தனை அகதிகள் வந்து தங்கியிருந்தார்கள் என்று தெரியாது என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம், எண்ணிக்கையும் ஆயுதம்தான்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் நல்ல உதாரணம். 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை நடந்த தாக்குதல். நாஜிப் பிரசாரம் 2 லட்சம் என்றது. அந்த எண் பல வருஷம் உலகம் சுற்றியது. பிறகு நகரமே வரலாற்றாளர்கள் குழு ஒன்றை வைத்து ஆவணம் ஆவணமாகப் பார்த்து 2010-இல் சொன்னது: அதிகபட்சம் 25,000. குவெர்னிகாவிலும் அப்படித்தான். அன்று 1,654 என்று அறிவித்தார்கள், இன்றைய ஆய்வாளர்கள் பலர் சில நூறுக்குள் நிறுத்துகிறார்கள். குறைத்துச் சொல்வதால் அது சின்னக் குற்றம் ஆகிவிடாது. 

இப்போதைய போர்களிலும் இதே கதை. 2022 மார்ச் 16 அன்று உக்ரைனின் மரியுபோல் நாடக அரங்கில் குண்டு விழுந்தது. வெளியே தரையில், ஆகாயத்திலிருந்து தெரிகிற மாதிரி, ‘குழந்தைகள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். செத்தவர்கள் ஒரு விசாரணைப்படி குறைந்தது 12, இன்னொன்றின்படி 600-ஐ நெருங்கும். காசாவில், 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றதற்குப் பிறகு தொடங்கிய போரில், 2025 ஜூலைக்குள் 60,000-க்கும் மேல் செத்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொன்னது. அந்த எண்ணில் போராளி யார், சாதாரண ஆள் யார் என்று பிரிக்கப்படவில்லை. இடிபாட்டுக்கு அடியில் கிடக்கிறவர்களும் அதில் இல்லை. எந்த எண்ணைப் பார்த்தாலும் ‘யார் எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

மேட்டூர் அணையில் குண்டு போட்டால் என்ன ஆகும்?

மேட்டூரிலிருந்து வந்த பையன் கேட்டது. சிரிக்காதீர்கள், இது நடந்த விஷயம். 1943 மே 16 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகிற குண்டை வைத்து ஜெர்மனியில் மோனே, எடர் என்று இரண்டு அணைகளை உடைத்தன. அதைச் சாகசக் கதையாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். வெள்ளத்தில் போனவர்கள் 1,300 பேருக்குக் குறையாது. அதில் பாதிக்கு மேல் ஜெர்மானியர்களே இல்லை. பலவந்தமாகப் பிடித்துவந்து வேலைக்கு வைத்திருந்த உக்ரைன், ரஷ்யப் பெண்களும் கைதிகளும். அணைக்குக் கீழே முகாமில் அடைபட்டிருந்தவர்கள்.

மோனே அணையின் கொள்ளளவு 13.4 கோடி கன மீட்டர். மேட்டூர் நிரம்பினால் 93.47 டிஎம்சி, அதாவது அதைப்போலக் கிட்டத்தட்ட 20 மடங்கு. இதற்குமேல் நான் கணக்குப் போடவில்லை.

இப்போதெல்லாம் துல்லியமான குண்டுகள் வந்துவிட்டனவே?

வந்துவிட்டன. 1991 பிப்ரவரி 13 அதிகாலை பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடத்தில் அமெரிக்க விமானங்கள் லேசர் வழிகாட்டுகிற இரண்டு குண்டுகளைப் போட்டன. ஒரு அடிகூடத் தவறவில்லை. ராணுவத் தலைமையிடம் என்று நினைத்துப் போட்டது. உள்ளே இருந்தது குடும்பங்கள். 400 பேருக்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குண்டு எங்கே விழவேண்டும் என்று முடிவுசெய்வது குண்டு இல்லையே.

இன்னொன்று: நெருக்கமான ஊருக்குள் பெரிய வெடிகுண்டு போட்டால் செத்தும் காயம்பட்டும் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பொதுமக்கள் என்று ஐ.நா. தொடர்ந்து சொல்லிவருகிறது. மின்சாரம் போய், தண்ணீர் பம்பு நின்று, டயாலிசிஸ் நின்று பிறகு சாகிறவர்கள் தனி.

ஈழத்தில்?

சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள், கேட்கத்தான் ஆளில்லை. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தில் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த ஜனங்கள்மேல் விமானப்படை குண்டு விழுந்து நூற்றுக்கும் மேல் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 22 அன்று அங்கேயே இருக்கிற நாகர்கோவில் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் விழுந்தது. குழந்தைகள் செத்தார்கள். குண்டு போட வந்த விமானங்களை ‘பொம்மர்’, பிறகு ‘கிபிர்’ என்பார்கள்; அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவை என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர், பங்கர் என்கிற பதுங்குகுழி வெட்டும் விதத்தை எனக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினார். நேராக வெட்டக்கூடாதாம். ‘ட’ மாதிரி வளைத்து வெட்ட வேண்டும், வாசலில் விழுந்தால் சில்லு திரும்பி உள்ளே வராது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. ‘பொம்மர் சத்தம் எங்களுக்குக் கேக்கிறதுக்கு முந்தி வீட்டு நாய்க்குக் கேட்டிடும் சேர். அது ஓடிப்போய் பங்கருக்குள்ள இறங்கினா நாங்களும் இறங்குவம். மழைக்குத் தண்ணி நிண்டா பாம்பும் இருக்கும். அப்பவும் இறங்கத்தான் வேணும்’ என்றார். இதைச் சொல்லும்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

இந்தியா எந்த ஊர்மேலாவது குண்டு போட்டிருக்கிறதா?

சொந்த ஊர்மேலேயே. 1966 மார்ச் 5 அன்று மிசோ கிளர்ச்சியை அடக்க அய்சால் நகரத்தின்மேல் விமானப்படை சுட்டது, குண்டு போட்டது. ஊர்ஜனம் மலைக்குள் ஓடியது. நம் பாடப்புத்தகத்தில் இது இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்டம் ஒன்றும் கிடையாதா?

இருக்கிறது. பாதுகாப்பில்லாத ஊரைத் தாக்கக்கூடாது என்று 1907 ஹேக் உடன்படிக்கையே சொன்னது. விமானத்துக்கென்று 1923-இல் தனி விதிகள் எழுதினார்கள், எந்த நாடும் கையெழுத்துப் போடவில்லை. நியூரம்பெர்க் விசாரணையில் நகரக் குண்டுவீச்சைப் பெரிதாக எடுக்கவே இல்லை. எடுத்தால் வழக்குப் போட்டவர்களும் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். 1949 ஜெனீவா உடன்படிக்கைக்கு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறைதான் ‘ஒரு நகரத்தையே ஒரே இலக்காக வைத்து அடிக்காதே, பெறப்போகும் ராணுவ லாபத்தைவிட ஜனச் சேதம் மிகையாக இருந்தால் போடாதே, அணையைத் தொடாதே’ என்றெல்லாம் தெளிவாக எழுதியது. அமெரிக்காவும் இந்தியாவும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2022 நவம்பரில் டப்ளினில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஊருக்குள் வெடிகுண்டைக் குறைக்கிறோம் என்று ஒரு அறிவிப்பில் கையெழுத்திட்டன.

போர் முடிந்தால் ஆபத்தும் முடிந்துவிடும்தானே?

லாவோசில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் போட்டது. அதில் கொத்துக்குண்டுகளில் மூன்றில் ஒரு பங்குபோல வெடிக்காமல் வயலில் கிடந்தது. டென்னிஸ் பந்து அளவு. குழந்தைகள் எடுத்து விளையாடிச் செத்தார்கள், இன்னும் சாகிறார்கள். ஜெர்மனியில் அஸ்திவாரம் தோண்டினால் இன்றும் குண்டு வருகிறது. 2017 செப்டம்பரில் பிராங்பர்ட்டில் ஒரே ஒரு பழைய பிரிட்டிஷ் குண்டைச் செயலிழக்க வைக்க 60,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

கடைசியாக ஒன்று சார். ஒருவேளை நிஜமாகவே சேலத்தில் சங்கு ஊதினால் என்ன செய்யணும்?

கண்ணாடி ஜன்னலைவிட்டு விலகுங்கள். கண்ணாடிச் சில்லால் காயம்படுகிறவர்கள் நிறைய. கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், முடிந்தால் இரண்டு சுவருக்கு உள்ளே இருக்கிற அறைக்குப் போங்கள். மாடிப்படிக்கு அடியில் இடமிருந்தால் அதுவும் சரி. திறந்த வெளியில் மாட்டிக்கொண்டால் ஓடாமல் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயை லேசாகத் திறந்து வையுங்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள். தண்ணீர், மாத்திரை, டார்ச் ஒரு பையில் இருக்கட்டும். வாட்ஸாப்பில் வருவதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

மொட்டை மாடிக்கு ஏறி செல்போனில் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ரங்கூன் ஞாபகம் இருக்கட்டும்.

மலைக்குப் போனால் தப்பிக்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கும் கிளம்பாதீர்கள். கொண்டை ஊசி வளைவு இருபது. கோடை விழா சமயத்து ஞாயிற்றுக்கிழமையிலேயே ஒன்பதாவது வளைவில் ஒன்றரை மணிநேரம் நின்றவன் நான்.